கைதியாக நடித்த ஹவில்தார்

பொங்கலூர் லிங்கசாமிக்கு ராணுவத்தில் கடைசி மூன்று வருடம் கிடைத்த வேலை வினோதமானது. பிடிபட்டவர்களைக் காவலில் வைக்கவும் விசாரிக்கவும் உளவுப் பிரிவின் இளம் அதிகாரிகளுக்குச் சொல்லித்தரும் பள்ளியில் அவர் கைதியாக நடிக்க வேண்டும். காலையில் அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்லி உள்ளே அனுப்புவார்கள். அடிக்காமல், கேள்வி கேட்டே அதிகாரிகள் அதை அவரிடமிருந்து வாங்க வேண்டும்.

முக்கால்வாசிப் பேர் மேசையைத் தட்டிக் கத்தினார்கள். ஒரு கேப்டன் மே மாத வெயிலில் நான்கு மணி நேரம் முட்டிபோட வைத்தார்; தண்ணீர் தரவில்லை. தாங்காமல் லிங்கசாமி வாயில் வந்த ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னார். பொய்தான். ஆனால் சீக்கிரம் பதில் வாங்கியதாகக் கேப்டனுக்குப் பாராட்டு. அது பொய் என்று லிங்கசாமி எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி படிக்காமலே ஃபைலில் போட்டார்.

2004இல் ஓய்வுபெற்று, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு செக்யூரிட்டி ஆபீசராக வந்தார். மறுவருடம் இரண்டு பெட்டி டி-சர்ட் காணாமல் போனது. முதலாளி மகுடேஸ்வரனுக்கு அயர்ன் செய்யும் ராஜபாண்டி மேல் சந்தேகம்.

"நீங்க மிலிட்டரில இதே வேலையா இருந்தவருங்களே. ரெண்டு போட்டுக் கேளுங்க."

"என்னை அடிச்சாலும் நாந்தான் எடுத்தேன்னு சொல்லுவனுங்க. ஒரு நாள் டைம் குடுங்க."

அன்று மதியமே கண்டுபிடித்துவிட்டார். பெட்டிகள் தவறுதலாகப் பிரிண்டிங் யூனிட்டுக்குப் போயிருந்தன. ஓடி வந்து பார்த்தால், சூப்பர்வைசர் ராஜபாண்டியைக் குடோனில் அடைத்து, கன்னம் வீங்க அடித்து, 'நான்தான் எடுத்தேன்' என்று எழுதி வாங்கி வெளியே தள்ளியிருந்தார்.

"அவன் எடுக்கலீங்க!" என்று லிங்கசாமி கத்தினார்.

"அதான் சரக்கு கெடச்சிருச்சுல்லங்க, உடுங்க" என்றார் முதலாளி.

லிங்கசாமி ராஜபாண்டியின் சொந்த ஊரான சாத்தூருக்கே பஸ் ஏறிப் போனார். ராஜபாண்டி வாசலிலேயே நிறுத்திப் பேசினான்.

"வேலைக்கு வரமாட்டேன் சார். நான் எழுதிக் குடுத்த பேப்பர மட்டும் வாங்கிக் குடுங்க. எம் பொண்டாட்டி முன்னாடி கிழிச்சுப் போடணும்."

திரும்பி வந்து கேட்டார். தேடித் தருகிறோம் என்றார்கள். வாரா வாரம் கேட்டார், அதே பதில். நான்காம் மாதம் கேட்டபோது, "இன்னுமா அத நெனச்சிட்டிருக்கறீங்க?" என்று மகுடேஸ்வரன் சிரித்தார். லிங்கசாமி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். காகிதம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லச் சாத்தூருக்குப் போகவும் அவருக்கு முகமில்லை.