எத்தனை மாதமாகத் தெரியும்?

1. அறிமுகக் கையெழுத்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரையிலிருந்து மாற்றலாகிக் கடப்பாக்கம் பக்கத்து வங்கிக் கிளைக்கு வந்தேன். சேமிப்புக் கணக்குக் கவுன்டர் கொடுத்தார்கள். முதல் நாளே வந்தவர்களெல்லாம், “வூட்டுக்காரர் இன்னா பண்றாரு மேடம்?” என்றார்கள். கல்யாணம் ஆகவில்லை என்றதும் பேச்சு நின்றுவிடும். நாற்பதைத் தாண்டியவளிடம் அடுத்து என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே தேவகி வந்தாள். படாளம் பக்கத்துக்காரி. கடற்கரையில் இருந்த இறால் பண்ணையில் வேலை. புதுக் கணக்கு வேண்டும் என்றாள்.

“இந்த பிராஞ்சுல கணக்கு வெச்சிருக்கிற யாராவது ஒருத்தர் இன்ட்ரொடக்ஷன் கையெழுத்துப் போடணும்மா. உங்களைத் தெரிஞ்சவங்களா இருக்கணும்.”

“தெரிஞ்சவங்க இருந்தா நான் ஏன் மேடம் பேங்குக்கு வரப்போறேன்? அவங்ககிட்டயே குடுத்து வெச்சிருப்பேனே.”

அவள் புருஷன் வேறு ஊரில் இருந்தான். சம்பளத்தன்று மட்டும் சரியாக வந்து பிடுங்கிக்கொண்டு போவான். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், கையில் ஒன்றும் தங்குவதில்லை. வாடகை வீட்டின் சொந்தக்காரரைக் கேட்டால், “குடிவந்த பொம்பளைக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? நாளைக்கி பேஜாரு” என்று கதவைச் சாத்திவிட்டாராம்.

நானே போடுகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “நீங்க வந்தே ஒரு வாரம் ஆவலம்மா. இந்த ஊர்ல உங்களுக்கே யாரைத் தெரியும்? ஆறு மாசப் பழக்கம் இருக்கணும். எத்தனை மாசமா தெரியும்னு எழுதுற எடத்துல பொய் எழுதக் கூடாது.”

விதியைச் சொன்னார், தப்பில்லை. ஆனால் அறைக்குப் போயும் அந்தக் கேள்விதான் காதில் இருந்தது. என் சம்பளக் கணக்குக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார். அது உத்தியோகத்துக்குப் போட்டது. என்னைத் தெரியும் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

2. ஆறு மாதம்

மறுநாள் தேவகியிடம், “ஆறு மாசம் பொறுத்துக்கோ. வாராவாரம் வா, பழகுவோம். பழகிட்டு நானே போடறேன்” என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

அதுவரை வேறு வழியில்லாமல் பாதிச் சம்பளத்தைப் பண்ணை மேஸ்திரியிடமே விட்டுவைத்தாள். சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். மதியம் மகளோடு வருவாள். ஆலம்பரைக் கோட்டைச் சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் மீன் குழம்பு, நான் தயிர் சாதம். முதல் மாதம் பேச ஒன்றுமில்லாமல் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாதம் என் அம்மா செத்ததைச் சொன்னேன். ஆபீஸில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

கடைசியில் ஒரு நாள், “உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. கண்ணால பாக்காம அட்ரஸை நம்பிக் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று அதிகாரமாகச் சொன்னேன். ஒற்றை அறை, ஓலைக் கூரை. எனக்காகப் புதுப் பாய் வாங்கி வைத்திருந்தாள்.

கணக்கு திறந்தது. கொஞ்ச நாளில் அவள் புருஷன் கவுன்டருக்கே வந்தான்.

“எம் பொண்டாட்டி கணக்குல எவ்ளோ கீது?”

“கணக்குக்காரங்க வந்து கேட்டாத்தான் சொல்வோம்.”

“நான் அவ புருஷன்மா!”

“அதுக்கு இங்க ஃபாரம் இல்லீங்க.”

என் சர்வீஸில் நான் மிகவும் ரசித்துச் சொன்ன பதில் அதுதான்.

3. குளோசிங்

பிரமோஷனுக்கு நான் எழுதிப் போடவே இல்லை. பாஸானால் எங்காவது தூக்கிப் போடுவார்கள். பிழைக்கத் தெரியாதவள் என்றார்கள். எனக்குச் சனிக்கிழமை போதுமாக இருந்தது.

மகள் படித்து முடித்தாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவளுடைய சம்பளக் கணக்கு இருந்த வங்கியிலேயே அம்மாவுக்கும் ஒரு கணக்கு திறந்துகொடுத்தாள். மகளோடு போய் இருக்க முடிவு செய்த தேவகி, இங்கிருந்த கணக்கை முடிக்க வந்தாள். வட்டி போட்டு, பாஸ்புக்கில் ‘குளோஸ்டு’ என்று முத்திரை குத்தியது நான்தான்.

“வரேங்க்கா” என்றாள். அன்று வரை மேடம் என்று கூப்பிட்டவள்.

ஒரு சீட்டில் செல் நம்பர் எழுதிக் கொடுத்தாள். மகள் வீட்டில் இருப்பவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நான் கூப்பிடவே இல்லை. சனிக்கிழமைகளில் அறையில் துணி துவைத்தேன். தனியாக இருக்கப் பழகியவள் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். இல்லை என்று தெரிந்தது.

4. நாமினி

ஓய்வுபெற்றுச் செங்கல்பட்டில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு வந்தேன். வீட்டுக்குப் பக்கத்து வங்கியில் கணக்கு தொடங்கப் போனேன். கவுன்டரில் இளைஞர். நானாகவே, “இன்ட்ரொடக்ஷனுக்கு யாரும் இல்லை தம்பி” என்றேன்.

“அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு மேடம்? போட்டோ, ரெண்டு ப்ரூஃப், அவ்ளோதான். நாமினி யாரு?”

தேவகி என்றேன்.

“என்ன உறவு?”

“தெரிஞ்சவங்க.”

என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். “அட்ரஸ்?”

அது எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து, பர்ஸிலேயே வைத்திருந்த அவள் சீட்டைப் பார்த்துப் போன் செய்தேன்.

இளைய ஊழியர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவரைத் தெரியும் என்று ஒரு தரம் கையெழுத்துப் போட்டால் போதாது. பழக்கத்தை நடப்பில் வைத்திருக்க வேண்டும்.

“அட்ரஸா? இன்னாத்துக்குக்கா?”

“பேங்க்ல கேக்கறாங்க தேவகி. சொல்லு, எழுதிக்கறேன்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “போன்ல சொல்ல மாட்டேன். கண்ணால பாக்காம அட்ரஸை நம்பக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? பொறப்பட்டு வாங்க. பாய் போட்டு வெக்கறேன்.”