லில்லியைத் தின்ன வைத்த கதை

பத்து வயதில் எனக்குத் தெரியாத காரியம் என்று ஒன்றுமே கிடையாது. ஆகவே, பெரியப்பா வீட்டு லில்லி எதையும் தின்ன மாட்டேன் என்கிறது என்று அம்மா கவலைப்பட்டபோது, யாரும் கேட்காமலே அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஆரியங்கோட்டில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டம்தான். ஓண லீவும் தொடங்கியிருந்தது.

லில்லி பதிமூன்று வயதான பொமரேனியன். முன்பல் நான்கு போய்விட்டது, காது பாதி கேட்காது, ஆனால் கர்வத்துக்கு மட்டும் குறைவில்லை. பெரியம்மா வளர்த்த நாய். பெரியம்மா நெஞ்சுவலியில் திடீரென்று போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. முதல் வாரம் சபையாரும் சொந்தக்காரர்களும் வீடு நிறைய இருந்தார்கள். அப்போதெல்லாம் லில்லி ஒழுங்காகத் தின்றது. அவர்கள் போனதும் நிறுத்திவிட்டது. பாலை மட்டும் நக்கும். பெரியப்பாவும் ஞாயிறு ஆராதனைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். முட்டுவலி என்றார், நான் நம்பினேன்.

நெய்யாற்றின்கரை மிருக டாக்டர் லில்லியின் நெஞ்சைச் சோதித்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை ஆகாரத்தோடுதான் கொடுக்க வேண்டும், தின்னாவிட்டால் இந்த மாதம் தாண்டுவதே கஷ்டம் என்று மலையாளத்தில் சொன்னார். திரும்பி வரும் வழி முழுக்க ஆட்டோவில் பெரியப்பா லில்லியை மடியிலேயே வைத்திருந்தார். பெரியம்மா விட்டுப்போனதில் உயிருள்ளது அது ஒன்றுதான்.

முதல் நாள் சாளை மீனை அவித்து முள்ளெடுத்து வைத்தேன். இரண்டாம் நாள் முட்டை. மூன்றாம் நாள் அம்மா வைத்த கோழிக்குழம்பில் காரத்தைக் கழுவிவிட்டு, மரச்சீனிக் கிழங்கைப் பிசைந்து வைத்தேன். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். லில்லி கோழியைக்கூடத் தின்னவில்லை. தட்டின் முன்னால் வந்து உட்காரும், வாயில் எச்சில் ஒழுகும், பெரியப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அதைத் திமிர் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

பெரியப்பாவோ மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டிருந்தார். அம்மா கொடுத்துவிடும் சோற்றை அடுக்களையில் நின்றபடி நாலு வாய் போட்டுக்கொள்வார்.

"விடு பிள்ளே, அது திங்காது," என்றார்.

"திங்கும் பெரியப்பா. நான் திங்க வைப்பேன்."

ஐந்தாம் நாள் அம்மா ஒரு கல்யாணத்துக்காகப் பாறசாலைக்குப் போனதால், மத்தியானச் சாப்பாடு எனக்குப் பெரியப்பா வீட்டில். கஞ்சியும் பயறும். லில்லியின் தட்டிலும் அதையே கொஞ்சம் ஊற்றி வைத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் ஞாயிறு பள்ளியில் சத்தமாக ஜெபிக்கிற பிள்ளைக்குத்தான் மதிப்பு. "ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், ஆமென்!" என்று வீடே அதிரச் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தால், லில்லியின் மூக்கு வரைக்கும் கஞ்சிக்குள் இருக்கிறது.

"பெரியப்பா! இது ஆமெனுக்காக்கும் காத்துட்டு இருந்தது!"

ஓடி வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒனக்க பெரியம்மா படிப்பிச்சதாக்கும்," என்றார் மெதுவாக. "ஆமெனுக்கு முன்ன வாய வச்சா, மூக்குல ஒரு தட்டு குடுப்பா."

பாலுக்கு ஜெபம் கிடையாது, அதனால் அதை மட்டும் நக்கியிருக்கிறது. நாங்கள் அத்தனை பேரும் மூன்று தலைமுறை வேதக்காரர்கள். மீனும் முட்டையும் கோழியும் சுமந்து வந்தோம். அந்த வீட்டில் ஜெபம் நின்றுபோனது எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒரு கிழட்டு நாய் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறது.

அப்போது நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. எனக்கு வேறு அவசரம் இருந்தது.

"லீவு முடிஞ்சா எனக்கு ஸ்கூலு உண்டு பெரியப்பா. இனி நீங்கதான் சொல்லணும். ராத்திரிக்கே தொடங்குங்க."

"எனக்குச் சொல்ல வய்யா பிள்ளே."

"மாத்திர குடுக்கண்டாமா? செத்துப் போவுமே!"

அன்று இருட்டும் நேரத்தில் நான் போனபோது பெரியப்பா மேசையில் தமது தட்டை வைத்திருந்தார். நான் லில்லியின் தட்டில் மாத்திரையைப் பொடித்துப் போட்டு, கஞ்சியைக் கலக்கி வைத்தேன். லில்லி உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. அவர் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

இவ்வளவு பெரிய மனிதர் நாலு வார்த்தை ஜெபத்தை மறந்துவிட்டாரே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் டீச்சர் எடுத்துக் கொடுப்பதுபோல், "ஸ்தோத்திரம், பெரியப்பா," என்று எடுத்துக் கொடுத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பெரியம்மாவைக் கூப்பிட்டுக்கொண்ட ஆண்டவருக்கே நன்றி சொல்ல அவருக்கு வாய் வராது என்பதெல்லாம், எல்லாம் தெரிந்த அந்தப் பத்து வயதுக்காரிக்குத் தெரியவில்லை.

"ஸ்தோத்திரம்," என்றார். "ஆமென்."

லில்லி அசையவில்லை.

"அதுக்குக் கேக்கல்ல பெரியப்பா. ஒறக்கச் சொல்லணும்."

"ஆமென்!" என்றார். எங்கள் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். லில்லி தட்டைத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தது. பெரியப்பாவும் உட்கார்ந்து சாப்பிட்டார், மறுசோறும் போட்டுக்கொண்டார்.

நான் தோட்டம் வழியாக ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். லில்லி மாத்திரையோடு தின்றுவிட்டது என்று, கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த அம்மாவிடம் அறிவித்தேன். பெரியப்பா ஜெபத்தை மறந்துபோனதையும், நான் எடுத்துக் கொடுத்ததையும் அவரைப்போல நடித்தே காட்டினேன். அம்மா சிரிப்பாள் என்று பார்த்தால், அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒரு நாய் கஞ்சி குடித்ததற்கா ஒருத்தி இப்படி அழுவாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.