தெருவைப் பார்த்து நின்றவர்

பிராங்பேர்ட்டில், எங்கள் தெருவிலுள்ள யூத ஆலயத்தின் வாசலில் வெள்ளி மாலைகளில் ஒரு கறுப்பினத்தவர் காவல் நிற்பார். நெடிய உருவம், நரைத்த தாடி. ஆலயத்துக்கு முதுகைக் காட்டி, தெருவையே பார்த்தபடி நிற்பார். யாரும் அவரைச் சம்பளத்துக்கு வைக்கவில்லை.

ஒருநாள் புதிதாக வந்த பொலிஸ்காரர் அவரிடமே அடையாள அட்டை கேட்டார். வழிபாட்டுக்கு வந்த யூத மூதாட்டி ஒருவர் குறுக்கே போய் நின்றார்.

“வெள்ளி பொழுதுபட்டா எங்களுக்கு ஓய்வுநாள். கையில ஒண்டும் கொண்டு வாறேல்லை. என்னட்டை அட்டை இல்லை. முதல்ல என்னைப் பிடியுங்கோ.”

பொலிஸ்காரர் போய்விட்டார்.

“இனியும் வருவியளோ அண்ணை?” என்று காவல் நின்றவரிடம் கேட்டேன்.

“ஓம். நவநாசிப் பெடியள் என்ர கடைக் கண்ணாடியை உடைச்ச அண்டைக்கு, விடியுமட்டும் கடை வாசலில நிண்டவ இவதான்.”

உள்ளே பாட்டுத் தொடங்கியது. மூதாட்டி போகவில்லை. அவருக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்தபடி நின்றார்.