ஒன்பது கம்பியும் ஒரு மலிவுப் போர்ட்டும்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர் திரையைத் தடவிப் பார்ப்பார், கீபோர்ட்டைத் தட்டிப் பார்ப்பார், மதர்போர்ட்டை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அதைத் தெரிவுசெய்கிற பாவம் நம் தலையில்தான். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கும் அப்படித்தானே?

என் கடை யன்னலால் வாவி தெரியும். காலையில் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் நெளியும். போர்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த வீட்டுக்குப் போகும், அங்கே யார் என்ன எழுதுவார்கள் என்று யோசித்தபடியே இருந்துவிடுவேன். ஆள் வந்து நிற்பதே தெரியாது.

ராத்தாவின் மிஷின்

அப்படி ஒரு நாள் என் கனவைக் கலைத்தவர் நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுகிற காத்தான்குடிப் பெண் ஒருவர். அபாயா அங்கியில் பூவேலை செய்கிற பழைய மிஷின் வைத்திருக்கிறார். அதற்குப் படம் அனுப்புகிற கம்ப்யூட்டர் உப்புக் காற்றுக்குச் செத்துப்போச்சு. மிஷினின் வயரைச் செருக ஒன்பது ஊசி உள்ள பழைய சொக்கட் வேண்டும். புதுப் போர்ட்டுகளின் பின்பக்கத்தில் அது கிடையாது. புதுச் சொக்கட்டில் செருகுகிற மாற்று வயர் இரண்டு வாங்கிப் போட்டும் மிஷின் அசையவில்லை. விலை கூடிய போர்ட்டுகளையெல்லாம் புரட்டினேன். ம்ஹூம்.

அவரது கணவர் கத்தாரில் வேலை. அந்த வார வெள்ளிக்கிழமை, இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். மிஷின் ஓடினால் அந்த வருமானமே போதும், வைக்காமல் ஊருக்கு வந்துவிடுவாராம். நான் கையை விரித்ததும் ராத்தா மெதுவாகச் சொன்னார்: "எங்கட மகளுக்கு ஆறு வயசாகிது தம்பி. எல்லாம் சேத்துப் பாத்தாலும் வாப்பாவோட மூணு மாசந்தான் இருந்திரிக்கா."

கிரான் ஐயாவின் விளக்கு

புதன்கிழமை கிரானிலிருந்து ஓர் ஐயா வந்தார். வயலில் வேளாண்மை வெட்டி, நெல் விற்ற கையோடு மகளுக்குக் கம்ப்யூட்டர். கண்ணாடிப் பெட்டியும் உள்ளே நிறம் மாறுகிற விளக்கும் கட்டாயம் வேண்டுமாம். "விளக்கைக் குறைச்சு நல்ல போர்ட்டாப் போடுவமே ஐயா" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே! கடையிலேயே மலிவான போர்ட்டைக் கை காட்டினார், அதுவும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

எரிச்சலோடு பொருத்தத் தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். போர்ட்டின் கீழ் விளிம்பில் ஒன்பது கம்பிகள்! விலை கூடியவற்றில் தூக்கி எறிந்த பழைய இணைப்பை இதில் விட்டுவைத்திருக்கிறார்கள். சின்ன வயர் ஒன்றில் சொக்கட்டை வெளியே கொண்டுவந்தால் போதும். எத்தனை தரம் இந்தப் போர்ட்டைக் கையில் வைத்துக் கனவு கண்டிருப்பேன், ஒரு தரமாவது கண்ணைத் திறந்து பார்த்தேனா? வெட்கமாகப் போய்விட்டது.

ஐயாவிடம் ராத்தாவின் கதையைச் சொன்னேன். அதே விலைக்கு இதைவிட நல்லதாகத் தாறேன், இதை மட்டும் விட்டுத்தாருங்கள் என்றேன். அவர் போர்ட்டை என் பக்கம் தள்ளினார். "அந்தப் புள்ளைக்கே குடுங்க தம்பி. ஆனா எங்கட லைட்டில மட்டும் கை வெச்சிராதீங்க!"

வியாழன் பின்னேரம்

ராத்தா வீட்டில் எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டி, படத்தை அனுப்பினேன். மிஷின் அசையவில்லை. சொக்கட்டைக் கழற்றிப் பார்த்தேன். வயருக்குள் கம்பி வரிசை பிழை. பழைய சாமான் பையில் கிடந்த இன்னொரு வயரை மாற்றிவிட்டுத் திரும்ப அனுப்பினேன்.

ஊசி ஒரு தரம் மேலே போய் நின்றது. பிறகு இறங்கியது. கறுப்புத் துணியில் வெள்ளைப் பூ ஒன்று இதழ் இதழாக விரியத் தொடங்கியது. நான் வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், என்ன சந்தோஷம்! ராத்தா பூவைப் பார்க்கவில்லை. கணவருக்கு அழைத்து, சலாம்கூடச் சொல்லாமல், போனை மிஷினுக்குப் பக்கத்தில் பிடித்தார்: "கேளுங்க மச்சான், மிஷின் ஓடுது. கையெழுத்து வெக்காதீங்க, வாங்க."

இனி யாராவது நல்ல போர்ட் எது என்று கேட்டால், உங்கள் வீட்டுக்கு யார் வர வேண்டியிருக்கிறது என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் அலுமாரியைத் திறப்பேன், பைத்தியம் என்றால் என்றுவிட்டுப் போகட்டும்.