யானை பார்க்கப் போன முனாப்

கல்முனையில் முனாப்பைக் கல்யாண வீடுகளில் கண்டவர்கள் குறைவு. மரணம் விழுந்த மையித்து வீட்டுக்குக்கூடத் தலையைக் காட்டிவிட்டு மாவடிப்பள்ளி வயலுக்கு ஓடிவிடுவார். கதிர் வந்துவிட்டால் ஆளை அங்கிருந்து அசைக்க முடியாது. இரவானால் யானை வரும். சந்தியில் யாராவது வாயைக் கிளறினால் போதும், தனியாக நின்று பெரிய யானையை விரட்டிய கதையை அளக்கத் தொடங்கிவிடுவார். கதையில் அந்த யானையும் வருசத்துக்கு வருசம் வளர்ந்துகொண்டே வந்தது.

மனைவி சரீபாவுக்கு அந்தக் கதைகள் புளித்துப்போய்விட்டன. கல்யாணம் முடித்த காலத்திலிருந்து நெல் விளையும் போகத்துக்குப் போகம் அவள் தனியாகத்தான் படுக்கிறாள். மனிசனுக்குப் பெண்டாட்டியைவிட வயல்தான் பெரிது என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். அந்தக் கோபம் உள்ளுக்குள் கிடந்து புழுங்கியது. இத்தனைக்கும் அவள் ஒரு காட்டு யானையைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

இந்தச் சிறுபோகத்தில் மகள் றிபாவும் மருமகன் றஊபும் திருகோணமலைக்குச் சுற்றுலா போக வேன் பிடித்தார்கள். திரும்பும் வழியில் கவுடுல்ல காட்டில் யானை பார்க்கலாம் என்றார்கள். சரீபா உடனே புருசனைப் பார்த்தாள்.

"நீங்களும் வாங்க. உங்கள ஊட்டுல படுக்க உடாத சாமான ஒருக்கா எண்ட கண்ணால பாக்கணும்."

முனாப் ஒத்துக்கொண்டார். வயலோ அறுவடைக்கு நிற்கிறது. பக்கத்து வயல் சீனித்தம்பியிடம் காவலை ஒப்படைத்தார். ஒப்படைத்ததைத் திரும்பத் திரும்ப நினைவூட்டி அந்த மனிதரின் பொறுமையையும் சோதித்தார். வேன் மட்டக்களப்பைத் தாண்டுவதற்குள் போன் கையில் ஏறிவிட்டது. இப்போதுதானே போனீர்கள், பட்டப்பகலில் எந்த யானை வரும் என்று சீனித்தம்பி கேட்டார். அதெல்லாம் முனாப்புக்குத் தெரியாதா? தெரிந்தும் மனம் ஓரிடத்தில் இருந்தால்தானே.

திருகோணமலையில் எல்லாரும் கடலைப் பார்த்து நின்றார்கள். அங்கிருந்த பழைய கோட்டைக்குள் மர நிழலில் மான்கள் வீட்டு ஆடுகளைப் போல் படுத்திருந்தன. றிபா ஒன்றோடு நின்று படம் எடுத்தாள். முனாப் அதன் வாயை மட்டும் பார்த்தார். இது வயலில் இறங்கினால் ஒரு இரவில் எவ்வளவு மேயும் என்று மருமகனிடம் கேட்டார். றஊப் சிரித்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. அறையில் தங்கிய இரவும் பொட்டுத் தூக்கமில்லை. விடியும்வரை ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தார்.

மறுநாள் பின்னேரம் கவுடுல்லவில் ஜீப் பிடித்தார்கள். குளத்தோரப் புல்வெளியில் யானைகள் கூட்டமாக நின்றன. குட்டியொன்று தாயின் காலுக்குள் புகுந்து புகுந்து வந்தது. ஜீப்பில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். சரீபா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இவ்வளவு அழகா இது என்பதுபோல் அவள் முகம் மலர்ந்திருந்தது.

முனாப்புக்கு அது எதுவும் தெரியவில்லை. பெரிய யானை காதை விரித்து இவர்கள் பக்கம் திரும்பி, ஓரடி முன்னால் வைத்தது. அவ்வளவுதான்.

"ஹோய்! ஹோ ஹோ ஹோய்!"

அடிவயிற்றிலிருந்து கத்தினார். ஜீப்பின் தகரத்தைப் படபடவென்று அடித்தார். கூட்டம் மிரண்டு திரும்பியது. குட்டியை நடுவில் வைத்துக்கொண்டு புழுதி பறக்கக் காட்டுக்குள் ஓடி மறைந்தது. மற்ற ஜீப்புகளில் இருந்தவர்கள் ஏசினார்கள். சாரதி சிங்களத்தில் பொரிந்து தள்ளினான். வாப்பா என்ன செய்தீர்கள் என்று றிபா அழாத குறையாகக் கேட்டாள். வெறும் புல்வெளியைப் பார்த்து அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். றஊப்தான் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

இத்தனை வருச ஏக்கத்தையும் ஒரே கூச்சலில் விரட்டிவிட்டாரே என்று சரீபா ஆத்திரத்தோடு திரும்பினாள். அவருடைய முழங்கால்கள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. கை வேட்டி நுனியை இறுகப் பற்றியிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு ராவும் இப்பிடித்தானா?"

சந்தியில் சொல்லும் கதைகளில் ஒன்றுகூட அப்போது அவர் வாயில் வரவில்லை.

"ஓம் புள்ள," என்றார். "பயமில்லாம ஒரு நாளும் நிண்டதில்ல."

மருமகன் இருக்கிறான் என்றும் பாராமல் சரீபா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊட்டுக்கு வர விருப்பமில்லாமத்தான் அங்க கெடக்கிறீங்கண்டு நினைச்சன்," என்றாள்.