பள்ளத்தின் மேல் ஒரு புள்ளி

“ஜனவரி 2013, ஞாயிறு. வேப்பமரப் பொந்தில் டப்பாவை வைத்தேன்.” என் குறிப்பு இவ்வளவுதான். டப்பாவை ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் ஜிபிஎஸ் துணையோடு தேடி வந்து, உள்ளிருக்கும் தாளில் கையெழுத்துப் போடுவார். விளையாட்டு அதுதான்.

நிலக்கரிச் சுரங்க ஊழியர்கள் வாழும் எங்கள் நகரியத்தில் பிளாக்குக்கு பிளாக் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால், கம்மாபுரம் பக்கத்து வயல்வெளியைத் தேர்ந்தெடுத்தேன். மைன்ஸ் அங்கே வர இன்னும் வெகுகாலம் ஆகும் என்று, குவார்ட்டர்ஸில் எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தேன்.

இரண்டு வருடம் யாரும் வரவில்லை. ஒரே ஒரு கையெழுத்தாவது விழாதா என்று ஏங்கினேன். மைன்ஸுக்காக அங்கே வேலி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஸ்கூட்டரில் போனபோது மரத்தையே காணோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார்.

“என்னா சார் தேடிகினு இருக்கீங்க?”

“ஒரு சின்ன டப்பாம்மா.”

“நாங்க வூட்டையே வுட்டுட்டுப் போறோம். நீங்க டப்பாவத் தேடுறீங்களா!”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று அங்கே பெரும் பள்ளம். எண்கள் மாறவில்லை; அவை காட்டும் புள்ளிதான் அந்தரத்தில் நிற்கிறது. பனிக்காலக் காலையில் பள்ளம் முழுக்க வெண்மை நிறையும்போது, அந்த மரம் அதன்மேல் மிதப்பதாகத் தோன்றும்.

இணையப் பக்கத்தை நீக்க உட்கார்ந்த அன்று, அதில் புதிதாக ஒரு வரி இருந்தது: “கண்டுபிடித்தேன். நல்ல நிழல்.” எப்போது வந்தீர்கள் என்று எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. பக்கத்தை நான் நீக்கவில்லை. அவர் உண்மையிலேயே அங்கே வந்தாரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.