தலையசைக்காத சுண்டெலிகள்

பள்ளி நாள்களிலிருந்தே என் வெற்றியை நான் தலைகளைக் கொண்டுதான் அளந்து வந்திருக்கிறேன். பேச்சுப்போட்டி மேடையில் ஒரு வாதத்தை முடிக்கும்போது முன்வரிசைத் தலைகள் அசைந்தால், நடுவரின் தீர்ப்பு எனக்கு முன்பே தெரிந்துவிடும். அந்தக் கணிப்பு பெரும்பாலும் பொய்த்ததில்லை. மருந்தியல் ஆய்வு மாணவனாகச் செங்கல்பட்டுக்கு மின்ரயிலில் வந்துபோகத் தொடங்கிய பிறகுதான், தலை அசையவே கூடாது என்று காத்திருந்த ஒருவரைக் கண்டேன்.

அவர் எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூத்த ஆய்வாளர், திருக்கழுக்குன்றத்துக்காரர், எங்கள் எல்லாருக்கும் அக்கா. மூளையின் நரம்பணுக்களில் செரோடோனின் என்னும் வேதிப்பொருள் வந்து அமர்வதற்கென்றே இருக்கைகள்போல ஏற்பிகள் உண்டு. மாயக்காட்சி காட்டும் காளானின் சத்து அவற்றுள் ஒருவகையில் போய் அமர்வதால்தான், சுவர் மூச்சுவிடுவதாகவும் ஓசைக்கு நிறமிருப்பதாகவும் மனிதனுக்குத் தோன்றுகிறது. ஆழ்ந்த மனச்சோர்வைத் தணிக்கும் வழியும் அங்கேயே இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். மாயக்காட்சி இல்லாமல் அந்தத் தணிவை மட்டும் தரும் மூலக்கூறைத் தேடியே அக்கா தம் இளமையைச் செலவிட்டிருந்தார். கடைசியாக ஒன்று கைக்கு வந்தது. அதுவும் பொய்த்தால் இந்த வேலையை மூடிவிடலாம் என்று எங்கள் நெறியாளர் சொல்லிவிட்டார்.

மாயக்காட்சி கண்டாயா என்று சுண்டெலியிடம் கேட்க முடியாது. ஆனால் அத்தகைய மருந்து உள்ளே போனால், காதில் நீர் புகுந்ததுபோல் அது வெடுக்கென்று தலையை உதறும். எந்த எலிக்கு எது செலுத்தப்பட்டது என்பது உதறலை எண்ணுபவருக்குத் தெரியக்கூடாது; அந்தக் குறிப்பு ஓர் உறையில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். எண்ணுவதற்கு அக்கா என்னை அழைத்தார்.

“இன்னாடா, மைக் இல்லாம வாய மூடிகினு உக்காருவியா?”

“உக்காருவேங்க்கா.”

“எலி கைதட்டாது. அதையும் இப்பவே சொல்லிட்றேன்.”

உப்புநீர், காளான் சத்து, அக்காவின் மூலக்கூறு என மூன்றும் மூன்று கூண்டுகளுக்குப் பிரித்துச் செலுத்தப்பட்டிருந்தன. சிவப்புத் தாள் ஒட்டிய கூண்டின் எலிகள் ஓயாமல் உதறின. நீலமும் மஞ்சளும் அமைதியாக இருந்தன. உதறியது காளானாகத்தான் இருக்க முடியும். எனவே மற்ற இரண்டில் எது அக்காவினுடையதாக இருந்தாலும் அவர் வென்றுவிட்டார். உறையைப் பிரிக்கும் முன்பே எழுந்து நின்று ஒரு வாழ்த்துரையைத் தொடங்கினேன்.

“உக்காருடா. உப்புத்தண்ணியும் சும்மாதான இருந்துச்சு? என்னுது மூளைக்கே போய்ச் சேரலன்னா இன்னா பண்ணுவ?”

உட்கார்ந்தேன். வென்ற பிறகு எதிரணியின் வாதத்தைத் தாமே எடுத்து வைப்பவரை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

அந்த வாரக் கடைசியில் மாமல்லபுரத்தில் ஒரு கல்லூரி விழாவில் பேசினேன். கடற்காற்று ஒலிபெருக்கிக்குள் புகுந்து இரைந்தது. தலைகள் அசைந்தன, கோப்பை கிடைத்தது. மகிழ்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் பேருந்தில் மடிமீது கோப்பையை வைத்துக்கொண்டு வந்தபோது, என் நினைவெல்லாம் அமைதியாக இருந்த அந்த எலிகளிடமே இருந்தது.

அடுத்த சோதனையை அக்கா வேறுவிதமாக அமைத்தார். ஒரு கூண்டுக்கு முதலில் அவருடைய மூலக்கூறு, இன்னொன்றுக்கு உப்புநீர். சற்றுப் பொறுத்து இரண்டுக்குமே காளான் சத்து. இருக்கையில் முன்பே ஆள் அமர்ந்திருந்தால், பின்னால் வரும் காளானுக்கு இடமிருக்காது; உதறல் குறையும். ஆளே வந்து சேரவில்லையென்றால் இரண்டு கூண்டும் ஒன்றுபோல உதறும்.

ஒரு கூண்டு உதறித் தீர்த்தது. மற்றொன்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓர் அசைவு. இம்முறை நான் எழவில்லை. அக்கா உறையைப் பிரித்தார். அடங்கியிருந்தது அவருடைய கூண்டுதான்.

கண்ணுக்கே தெரியாத ஒரு பொருள், குருதியில் நீந்தி, மூளையின் காவலைக் கடந்து, எண்ணற்ற வாயில்களுள் தனக்குரியதைக் கண்டுபிடித்து, ஓர் உலகையே குலைக்கவல்ல இருக்கையில் ஏறி, எதையும் குலைக்காமல் அமர்ந்திருந்தது. மேடை கிடைத்தும் வாய் திறவாத அந்த அமர்வை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

“வெறுமன எடத்த அடைச்சிகினு இருக்குதா, இல்ல மருந்தா வேல செய்யுதான்னு இனிமேதான் பாக்கணும்” என்றார் அக்கா. பிறகு எண்ணிக்கைத் தாள்களை நெறியாளரிடம் கொண்டுபோய் வைத்தோம்.

நெறியாளர் தாள்களை இருமுறை புரட்டினார். பிறகு, மேலே செய்யலாம் என்பதுபோல் தலையை அசைத்தார்.

அக்கா என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார்: “ஒண்ணு. எண்ணிக்கோடா.”